பூட்டிய பூங்காவும் ஒரு முக்காலியும்

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பூங்கா வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. பாழடைந்துபோய்ப் பூட்டிக் கிடக்கவில்லை, புத்தம் புதிதாகப் பெயின்ட் வாசனையோடு பூட்டிக் கிடந்தது. உள்ளே நடைபாதை இருந்தது. சிமென்ட் மான் இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு குப்பை கேட்கும் பென்குயின் இருந்தது. மனிதர்கள்தான் உள்ளே போகக் கூடாது. ஏன் என்று கேட்டால், "இன்னும் திறக்கல" என்பார்கள். ஏன் திறக்கவில்லை என்று கேட்டால், "திறப்பு விழா நடக்கல" என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டு எரிச்சல் படாத ஒரே ஒரு ஆள் எங்கள் தெருவில் இருந்தார். அவருக்குத்தான் என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

என் கணவர் அணுபுரம் குடியிருப்பில் இருந்துகொண்டு பல வருஷம் அணுமின் நிலையத்துப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். எந்தக் கதவுக்குள் யார் போகலாம், போனவர் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம் என்று பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் எப்பேர்ப்பட்ட அதிகாரி வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். அந்த விளக்கை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒருமுறை மாமல்லபுரத்தில் எங்கள் பையனின் பந்து, புல்லில் நடக்கக் கூடாது என்று பலகை வைத்த இடத்தில் போய் விழுந்தது. எட்டினால் எடுத்துவிடலாம். இவர் தோட்டக்காரர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை வெயிலில் நின்று, அவரிடம் கேட்டு வாங்கினார். அதற்குள் பையன் அழுது தூங்கிப்போனான்.

தொண்ணூறுகளின் கடைசியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, திருவிடந்தைக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடல் பக்கம் ஒரு மனையில் வீடு கட்டிக் குடிவந்தோம். வந்த மறு வருஷமே அவருக்கு நெஞ்சுவலி. செங்கல்பட்டில் காட்டினோம். டாக்டர் மாத்திரையெல்லாம் எழுதிவிட்டு, "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க கால்லதான் இருக்கு. காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி நடங்க. சமதரையில நடங்க. மணல்ல வேண்டாம், மேடு ஏற வேண்டாம். நடக்கலைன்னா மறுபடி இங்கதான் வருவீங்க, அப்ப நடந்து வர மாட்டீங்க" என்றார்.

டாக்டருக்குச் சொல்வது சுலபம். எங்கள் மனைப்பிரிவில் தெரு என்பது கணுக்கால் புதையும் மணல். கிழக்கே போனால் கடற்கரை, அதுவும் மணல். வீட்டுக்கு எதிரே அடம்பங்கொடி படர்ந்த மணல்மேடு. மேற்கே போனால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அப்போதுதான் அதை அகலமாக்கியிருந்தார்கள். சென்னையிலிருந்து வருகிற கார்கள் அந்த அகலத்தை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டிருந்தன. நெஞ்சுவலிக்குத் தப்பினவர் அங்கே நடந்தால் காருக்குத் தப்ப மாட்டார். மொட்டை மாடியில் நடந்து பார்த்தார். நான்கு எட்டு வைத்தால் திரும்ப வேண்டியிருந்தது, தலை சுற்றிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். தையல் மெஷினில் உட்கார்ந்தபடி, கூடத்தில் சோபாவைச் சுற்றிச் சுற்றி வருகிற மனிதரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் நிதி வந்தது.

கடலோர மணல்மேடுகளைப் பாதுகாக்கவும், பொதுமக்கள் காலார நடக்கவும் அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர் வந்து சொன்னார். எங்கள் எதிரே இருந்த புறம்போக்கு மேடு அதற்குத் தேர்வாகியிருந்தது. பொதுமக்களும் தங்கள் பங்கைக் கொடுத்தால்தான் மானியம் கிடைக்குமாம். முதல் ஆளாகக் கொடுத்தவர் என் கணவர். வாழ்க்கையில் முதல்தடவையாக அரசாங்கம் தன் இதயத்தைப் பற்றி யோசித்திருக்கிறது என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

மறு வாரம் பொக்லைன் வந்தது. இரண்டே நாளில் மேட்டை வழித்து லாரியில் ஏற்றிவிட்டது. அந்த மணலெல்லாம் நாவலூர்ப் பக்கம் யார் யாருடைய வீட்டு அஸ்திவாரத்துக்கோ போனது. நான் ஓவர்சியரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, மேட்டைப் பாதுகாக்கத்தானே நிதி? மேடு எங்கங்க?"

"மேடு இருந்தா நடைபாதை எப்படி மேடம் போடறது? சமதரை வேணும்ல. திட்டத்துல ரெண்டும் இருக்கு, பாதுகாப்பும் இருக்கு, நடைபாதையும் இருக்கு. நாங்க நடைபாதையில ஆரம்பிச்சிருக்கோம்."

"அப்ப பாதுகாப்பு?"

"அதுக்குத்தான் காம்பவுண்டு சுவரு."

சொன்னபடி சுவர் எழும்பியது, ஆள் உயரத்துக்கு. உள்ளே ஓர் அடி உயர்த்தி, வட்டமாகச் சிமென்ட் நடைபாதை. மார்ச் மாதம் முடிவதற்குள் செலவு செய்தாக வேண்டும் என்பதால் ஊஞ்சலும் பென்குயினும் ஒரே நாளில் வந்து இறங்கின. கடைசியில் யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது, திட்டத்தின் பெயரில் மேடு இருக்கிறது, பூங்காவில் மேடு இல்லை என்று. அவசர அவசரமாக நட்டநடுவில் சிமென்டால் ஒரு மேடு கட்டி, மணல் நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். அதன் மேல் 'மணல்மேடுகளைப் பாதுகாப்போம்' என்று பலகை வைத்தார்கள். மேடு இருந்த இடத்திலேயே வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்தது. கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்து திறந்து வைப்பார், அதுவரை யாரும் உள்ளே போகக் கூடாது.

நம் ஊரில் இது ஒரு விதி. பாலம் கட்டி முடித்தாலும் பாலம் ஆகாது, தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் நிறைந்தாலும் குழாயில் வராது. ஒருவர் வந்து கத்தரிக்கோல் பிடித்தால்தான் அது அதுவாகும். எங்கள் ஊரில் அந்தக் கத்தரிக்கோல் என்னுடையது. விழாவுக்கு முதல் நாள் ஊராட்சித் தலைவர் வீட்டிலிருந்து ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனது. பந்தல் போட்டு, மைக் செட் அலறி, கல்வெட்டுக்குப் பச்சைத் திரை கட்டி, என் கத்தரிக்கோலுக்குக் குங்குமம் வைத்து வெள்ளித் தட்டில் படுக்கவைத்தார்கள். என் கணவர் புது வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். உச்சிவெயில் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். பெரியவர் நாவலூர்வரை வந்து, ஏதோ அவசரக் கூட்டம் என்று திரும்பிவிட்டதாகத் தகவல் வந்தது. கத்தரிக்கோல் குங்குமத்தோடு வீடு வந்து சேர்ந்தது.

அடுத்த தடவை நாள் குறிப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடி போய், புரட்டாசி போய், நல்ல நாள் ஒன்று கிடைத்தபோது தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் விதிப்படி கல்வெட்டில் பெயர் தெரியக் கூடாது. ஏற்கெனவே திரை போட்டு மூடிய, யாருமே பார்த்திராத அந்தக் கல்லை, திரையை விலக்கி, காகிதம் ஒட்டி, மறுபடி திரையைப் போட்டு மூடினார்கள். தேர்தல் முடிந்தபோது அந்தப் பெரியவர் பெரியவராக இல்லை. மாமல்லபுரத்தில் புதுக் கல் செதுக்கச் சொன்னார்கள். பழைய கல் முகம் கவிழ்ந்து, காவல்காரர் வீட்டில் துணி துவைக்கிற கல்லானது.

காவல்காரரைப் பற்றிச் சொல்லவில்லையே. பூங்காவை யாரும் பயன்படுத்திவிடாமல் காக்க ஊராட்சி வைத்த ஆள். மேற்குப் பக்கம் விவசாயக் குடும்பம், நாற்பது வயசு இருக்கும். காதில் எப்போதும் ஒரு பீடி. வந்த வாரமே சுவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். காலையில் விடிந்ததும் சுற்றுவட்டார ஜனம் முழுக்க அதில் ஏறி, சுவரைத் தாண்டிக் குதித்து, உள்ளே நடந்துவிட்டு, அதே மாதிரி வெளியே வரும். உள் பக்கம் இறங்க ஒரு கருங்கல்லும் உருட்டி வைத்திருந்தார். நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன்ப்பா, உன்னைக் காவலுக்குத்தானே வச்சாங்க?"

"கேட்டைத் தொறக்காதேன்னு ஆர்டரு யக்கா, நான் தொறக்கலியே. சொவுத்த ஏறாதேன்னு எவனும் சொல்லல. ஏறும்போது எவனாவது வுயுந்து கால ஒடச்சிக்கினா நமக்குத்தான பேஜாரு? அத்தொட்டுதான் ஸ்டூலு போட்டு வச்சிக்கீறேன்."

எனக்கு இது சரியாகத்தான் பட்டது. வீட்டுக்கு ஓடிப்போய் இவரிடம் சொன்னேன்.

"வாங்க, நான் பிடிச்சுக்கறேன். கல்யாணமான பொண்ணுங்கல்லாம் புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஏறுறாங்க."

"திறக்காத இடத்துக்குள்ள போறது அத்துமீறல்" என்றார்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரே?"

"நடக்கச் சொன்னார். சுவர் ஏறச் சொல்லல. சமதரைன்னு தெளிவா சொன்னார்."

அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

பிறகு தலைவரைப் பார்க்கப் போனேன். லாரிகள் வைத்திருக்கிற, சத்தமாகப் பேசுகிற மனிதர். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தலைவரே, என் வீட்டுக்காரர் உசுரு விஷயம். கேட்டை மட்டும் காலையில கொஞ்ச நேரம் திறந்துவிடச் சொல்லுங்க."

"இன்னாம்மா நீ, வெவரம் தெரிஞ்சவங்கோ இப்டி கேக்கறீங்கோ? இப்பவே தொறந்துட்டா அப்பால வர்றவரு எத்தத் தொறப்பாரு? தொறக்கலன்னா மிச்ச நிதி வராது. நிதி வராம அந்தக் காண்ட்ராக்டரு என் வூட்டாண்டயே வந்து குந்திகினு கீறான், பாரு."

பார்த்தேன். நிஜமாகவே ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு தட்டில் இட்லி வைத்திருந்தார்கள்.

வழி ஒன்றை என் கணவரே கண்டுபிடித்தார். சுவர் கட்டச் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றி வந்த டிராக்டர், சுவரின் வெளிப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்திருந்தது. உடைந்த செங்கல்லையும் மிச்சமான செம்மண்ணையும் அங்கேயே கொட்டி, டிராக்டர் ஏறி ஏறி அது கெட்டித் தரையாகிவிட்டிருந்தது. பூங்காவைச் சுற்றி, பூங்காவுக்கு வெளியே, அருமையான சமதரை. அதில் நடக்கத் தடை உண்டா என்று தலைவரிடமும் ஓவர்சியரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். இல்லை என்று சொன்ன மறுநாள் வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அதன் பிறகு தினமும் இதுதான் காட்சி. சுவருக்கு உள்ளே ஊரே நடக்கும். சுவருக்கு வெளியே இவர் மட்டும் நடப்பார். உள்ளே இருப்பவர்கள் தலை மட்டும் தெரிய, "குட் மார்னிங் சார்" என்பார்கள். இவர் அந்தத் தலைகளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே போவார். ஒவ்வொரு மூலையிலும் அணிவகுப்பில் திரும்புவது மாதிரி விறைப்பாகத் திரும்புவார். சிரிப்பாக இருக்கும். ஆனால் கொஞ்ச மாதத்தில் முகத்தில் ரத்தம் வந்தது, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. செங்கல்பட்டு டாக்டர் தட்டிக்கொடுத்தார். அந்தச் செம்மண்ணைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

இதற்கு நடுவே மிச்ச நிதி கொடுப்பதற்கு முன்னால், பொதுமக்கள் பூங்காவை நன்றாகப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க ஓர் ஆய்வு அதிகாரி வரப்போவதாகச் சொன்னார்கள். ஓவர்சியருக்கு வேர்த்துவிட்டது. பூங்காவைத் திறந்து காட்டினால் திறந்ததாகிவிடும். திறக்காவிட்டால் பயன்படுத்துவதைக் காட்ட முடியாது. யோசித்து யோசித்து, எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அதிகாரிக்குக் காட்டுவது என்று முடிவு செய்தார். சாயங்காலம் சுவர் ஏறிக் குதிக்கிற கூட்டம் உள்ளே நடந்துகொண்டிருக்கும், மேலிருந்து பார்த்தால் கேட் பூட்டியிருப்பது தெரியாது. நல்ல யோசனைதான். என்னை மோர் கலக்கச் சொன்னார்.

கூட்டத்துக்கு இதைச் சொல்லிவைக்க மட்டும் மறந்துவிட்டார்.

அரசாங்க ஜீப் எங்கள் தெருவில் நுழைந்ததுதான் தாமதம், பூங்காவுக்குள் இருந்தவர்களெல்லாம் தங்களைப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று பதறி, கிடைத்த பக்கமெல்லாம் சுவர் ஏறிக் குதித்து ஓடினார்கள். காவல்காரர் முக்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முந்திரித் தோப்புக்குள் மறைந்தார். அதிகாரி மாடிக்கு ஏறி வந்து, மோர் டம்ளரோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தபோது, பூங்காவில் பென்குயின் மட்டும் நின்றுகொண்டிருந்தது. சுவருக்கு வெளியே, தன் சாயங்கால நேரத்தை எந்த அதிகாரிக்காகவும் மாற்றிக்கொள்ளாத என் கணவர், கையை வீசி, மூலையில் விறைப்பாகத் திரும்பி, நடந்துகொண்டிருந்தார்.

"யார் அவர்?" என்றார் அதிகாரி.

ஓவர்சியர் முன்னால் வந்தார். "பொதுமக்கள், சார்."

"உள்ளே ஏன் நடக்கலை?"

ஓவர்சியர் என்னைப் பார்த்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "அவருக்கு வெளிப் பாதைதாங்க பிடிக்கும். தினமும் ரெண்டு வேளை அங்கதான் நடக்கிறார். அவர் உடம்பு தேறினதே அந்தப் பாதையாலதான்" என்றேன். ஓவர்சியரைக் காப்பாற்றியதாக நினைப்பு எனக்கு. அதிகாரி நெடுநேரம் பார்த்தார். மக்கள் தாங்களாகவே உருவாக்கிக்கொண்ட பாதைதான் உண்மையான பாதை, அதைப் பாதுகாக்க வேண்டும் என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். மோர் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து ஓவர்சியர் இனிப்போடு வந்தார். "மேடம், ஜாக்பாட்! மிச்ச நிதியும் வந்துடுச்சு, ரெண்டாம் கட்ட நிதியும் வந்துடுச்சு. சார் நடக்கிற பாதையை டெவலப் பண்றோம்!"

சந்தோஷமாகத்தான் இருந்தது, டிராக்டர் வந்து இறங்கும்வரை. செம்மண் பாதையின் மேல் சிமென்ட் போட்டார்கள். ஓரத்தில் அரளி நட்டார்கள். பிறகு அந்தப் பாதையைப் பாதுகாக்க, அதன் வெளி ஓரமாக, பழைய சுவரைச் சுற்றி இன்னொரு சுவர் எழுப்பினார்கள். கொத்தனார்கள் ஒரு பக்கம் இடைவெளி விட்டிருந்தவரை இவர் அதில் புகுந்து நடந்தார். ஒருநாள் அந்த இடைவெளியில் கேட்டை நிறுத்தினார்கள். கேட்டுக்குப் பூட்டு. கல்வெட்டுக்குச் சொல்லியிருக்கிறது, பெரியவர் வந்து திறப்பார், அதுவரை யாரும் உள்ளே போகக் கூடாது.

இரண்டாவது சுவருக்கு வெளியே தரையே இல்லை. ஒரு பக்கம் கால் புதையும் மணல், இன்னொரு பக்கம் முள்வேலி. இவர் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஷூவைத் துடைத்து அலமாரியில் வைத்தார். "திறந்ததும் நடக்கலாம்" என்றார்.

ஊருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. காவல்காரர் முக்காலியின் காலில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார். வெளிச் சுவரில் ஏறியவர்கள் கயிற்றைப் பிடித்து முக்காலியை மேலே இழுத்து உள்ளே இறக்கிக்கொள்வார்கள், அதே முக்காலியில் உள் சுவரையும் தாண்டுவார்கள். என் வீட்டுக்காரர் மறுபடி சோபாவைச் சுற்ற ஆரம்பித்தார்.

அப்படியே சில மாதங்கள் போயின. மாடிப்படியில் மறுபடி மூச்சு வாங்கியது. ஒரு மத்தியானம் வாசல்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கை நெஞ்சில் இருந்தது, நெற்றி வேர்த்துச் சில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டுக் காரில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போன அந்த வழி முழுக்க என் மடியில் இருந்த அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, இவர் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று மட்டும்தான் நினைத்தேன். வேறு எதுவும் நினைக்க முடியவில்லை.

பெரிசாக ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை ஆகும் என்றார் டாக்டர்.

"நல்லா நடந்துக்கிட்டுதானே இருந்தீங்க? ஏன் நிறுத்தினீங்க?"

"இன்னும் திறக்கல, டாக்டர்" என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளிவிட்டேன். "உங்க பார்க்கைத் திறக்கறதுக்குள்ள உங்களைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. மேல போனாலும் நீங்க வாசல்லதான் நிப்பீங்க, அங்கயும் எவனாவது ரிப்பன் கட்டி வச்சிருப்பான். போங்க, போய் நில்லுங்க. நான் மட்டும் இங்க உக்காந்து எவளோட ஜாக்கெட்டையோ தச்சுக்கிட்டு இருக்கேன்." சொல்லிவிட்டு அழுதேன். நான் சண்டை போடுவேனே தவிர அவர் முன்னால் அழுகிறவள் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் அலமாரி திறக்கிற சத்தம் கேட்டு எழுந்தேன். ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

"அந்த முக்காலி என்ன எடை தாங்கும்?"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே கிளம்பினேன். காவல்காரர் எங்களைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து முக்காலியைப் பரபரவென்று துடைத்தார். "சாரு வராரு, வயி வுடுங்கப்பா! வாங்க சார், நான் புட்ச்சிக்கினு கீறேன், நீ தைரியமா காலு வையி."

இவர் முக்காலியை ஆட்டிப் பார்த்தார். கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு என் தோளில் கை ஊன்றி ஏறினார். சுவரின் மேல் ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கமாக உட்கார்ந்தவர் அப்படியே இருந்துவிட்டார். திரும்பி இறங்கிவிடுவாரோ என்று எனக்குப் பதைப்பு.

"என்னங்க?"

"இங்கேருந்து கடல் தெரியுது" என்றார்.

வீடு கட்டிய நாளிலிருந்து அந்த மேடு மறைத்தது, பிறகு சுவர் மறைத்தது. வீட்டு வாசலில் நின்று கடலை நாங்கள் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே இறங்கினார். தன் பழைய பாதையில், இரண்டு சுவருக்கும் நடுவே, நின்றார். நாலைந்து பேர் எதிரும் புதிருமாக நடந்துகொண்டிருந்தார்கள். பனியனும் லுங்கியுமாக வேகவேகமாக வந்தவர் யார் என்று பார்த்தால், தலைவர். தான் திறக்காத பூங்காவில் தானே நடந்துகொண்டிருந்தார்.

"வா சாரே! இம்மா நாளா எங்க போய்ட்ட?" என்றார்.

இவர் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் இடது கைப் பக்கமா நடந்தா மோதிக்காம போகலாம்" என்றார். மறுநாளிலிருந்து எல்லோரும் அப்படித்தான் நடந்தார்கள். தலைவர் உள்பட.

திறப்பு விழா ஒருவழியாக நடக்கத்தான் செய்தது. அதற்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. புதுப் பெரியவர் உண்மையாகவே வந்துவிட்டார். என் கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டினார், கைதட்டினோம். ஓவர்சியர் சாவியைப் போட்டுத் திருகினார், பூட்டு அசையவில்லை. வருஷக்கணக்காக உப்புக்காற்றைக் குடித்து உள்ளே துருவேறிப் போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகியதில் சாவி உள்ளேயே முறிந்தது. பூட்டை உடைக்கலாம் என்றார் ஒருவர். நல்ல காரியத்தில் பூட்டை உடைப்பதா என்று பெரியவரின் முகம் சுருங்கியது. உள்ளேதான் குத்துவிளக்கும் கல்வெட்டும் இருந்தன. ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

காவல்காரர் முக்காலியைக் கொண்டுவந்து வைத்தார்.

வெள்ளை வேட்டியில் பெரியவர் தயங்கி நின்றார். என் கணவர் முதல் வரிசையிலிருந்து எழுந்துபோய், அவர் கையைப் பிடித்தார்.

"வலது காலை முதல்ல வைங்க, ஐயா. மேல போனதும் கீழ பார்க்காதீங்க. கடலைப் பாருங்க, பயம் தெரியாது."

பெரியவர் ஏறினார். கடலைப் பார்த்தார். இரண்டு சுவரையும் தாண்டிக் குதித்து, ராகுகாலத்துக்கு முன்னால் திரையை விலக்கி, பூங்காவைத் திறந்து வைத்தார். இனி இது மக்களின் சொத்து என்று உள்ளேயிருந்து மைக்கில் பேசியதை நாங்கள் வெளியேயிருந்து கேட்டோம். பிறகு அதே வழியாகத் திரும்பி வந்து காரில் ஏறிப் போனார்.

பூட்டு அப்படியே கிடந்தது. புதுப் பூட்டுக்குத் தனியாக நிதி கேட்டு எழுதியிருப்பதாக ஓவர்சியர் சொன்னார். மறுநாள் காலை நாங்கள் போனபோது கேட் மூடித்தான் இருந்தது, முக்காலி அதன் இடத்தில் இருந்தது. என் தோளில் கை ஊன்றி ஏறி, சுவர்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி என் கணவர் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார்.

"இன்னைக்குத்தான் முறைப்படி ஏறுறேன்" என்றார்.